மூளை நகரத்தின் பாட்டு

நுழையும்முன்

அயல்நாட்டுக் கலைவடிவம் ஒன்று இளைஞரைக் கவரும்போது, தாய்மொழியும் மரபும் என்னவாகும் என்ற அச்சம் மூத்தோர் உள்ளத்தில் எழுவது இயல்பு. கிழக்கு ஆப்பிரிக்க நாடாகிய தான்சானியாவிலும் அவ்வச்சம் எழுந்தது. அமெரிக்க நகர்ப்புறத்தில் தோன்றிய ஹிப் ஹாப் இசையை அந்நாட்டு இளைஞர் கைக்கொண்டபோது, அவர்களைப் போக்கிரிகள் என்று ஊரார் இகழ்ந்தனர். ஆயினும் அவ்விளைஞர் தம் நாட்டு மொழியாகிய சுவாகிலியிலேயே பாடத் தொடங்கினர். அன்றுமுதல் அவ்விசையின் போக்கும், அவர்களைப் பற்றிய ஊரின் எண்ணமும் மாறலாயின. ‘போங்கோ ஃபிளேவா’ என்று பெயர்பெற்ற அவ்விசை எழுந்த வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

கடற்கரையில் பிறந்த மொழி

இந்தியப் பெருங்கடலின் மேற்குக் கரையில் வழங்கும் மொழி சுவாகிலி. ‘சாகில்’ என்னும் அரபுச் சொல் கடற்கரையைக் குறிக்கும். அச்சொல்லின் அடியாகவே மொழியின் பெயரும் தோன்றியது. பருவக்காற்றை நம்பிப் பாய்மரக் கலங்களில் வந்த அரபு, பாரசீக, இந்திய வணிகரோடு பன்னூறு ஆண்டுகள் உறவாடிய மக்களின் மொழி அது. அதன் இலக்கண அடித்தளம் ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் சொற்களஞ்சியத்திலோ அரபுச் சொற்கள் மிகுதியாக உள்ளன. முற்காலத்தில் அரபு எழுத்திலும், பிற்காலத்தில் இலத்தீன் எழுத்திலும் அது எழுதப்பட்டது.

சுவாகிலிக்குப் பழைமையான செய்யுள் மரபு உண்டு. 1728-ஆம் ஆண்டளவிலேயே நெடிய காப்பியப் பாடல் ஒன்று அம்மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. ‘ஷைரி’ என்பது அம்மொழியின் புகழ்பெற்ற பாவகை. நான்கடிகளால் ஆகிய அப்பாவில் அடிதோறும் பதினாறு அசைகள் வருவது பெருவழக்கு. அப்பதினாறும் எட்டு எட்டாகப் பிரிந்து நிற்கும். அடியின் நடுவிலும் இறுதியிலும் ஓசை ஒன்றிவரும் இயைபு அமையும். அசையெண்ணிப் பாடும் இம்முறை, எழுத்தெண்ணிப் பாடும் நம் கட்டளைக் கலித்துறையை நினைவூட்டவல்லது.

இருபதாம் நூற்றாண்டில் சுவாகிலி இதழ்கள் செய்யுள்களை விரும்பி வெளியிட்டன. ஒரு புலவர் தொடுத்த கருத்துக்கு மற்றொரு புலவர் செய்யுளாலேயே மறுமொழி கூறுவார். ஊரார் அவ்வாதத்தை ஆர்வத்தோடு தொடர்ந்து படிப்பர். பாட்டால் அறிவுரை கூறுதல், பாட்டால் வாதிடுதல், பாட்டால் நையாண்டி செய்தல் ஆகியவை அம்மக்களுக்குப் பழகிய செயல்களாக இருந்தன. பின்னாளில் தெருமுனைகளில் எழுந்த புதிய பாட்டுக்கு நிலம் இவ்வாறு முன்பே பண்பட்டிருந்தது.

ஒரு நாடு தேர்ந்த மொழி

தங்கனீக்கா 1961-ஆம் ஆண்டு விடுதலை பெற்றது. 1964-ஆம் ஆண்டு சான்சிபார் தீவுகளோடு இணைந்து தான்சானியா ஆயிற்று. நூற்றிருபதுக்கும் மேற்பட்ட இனக்குழுக்களைக் கொண்ட அந்நாட்டில் எந்த ஓர் இனமும் பெரும்பான்மையினராக இல்லை. முதல் குடியரசுத் தலைவராகிய ஜூலியஸ் நைரேரே, அம்மக்கள் அனைவரையும் இணைக்கும் பாலமாகச் சுவாகிலியைக் கருதினார். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய அவரை மக்கள் ‘முவாலிமு’, அதாவது ‘ஆசிரியர்’, என்றே அழைத்தனர். ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’, ‘வெனிஸ் வணிகன்’ ஆகிய நாடகங்களை அவர் சுவாகிலியில் பெயர்த்தார். உயர்ந்த கருத்துகளைத் தம் மொழியாலும் சொல்ல இயலும் என்பதற்கு நாட்டின் தலைவரே சான்று தந்ததாக அம்முயற்சி அமைந்தது.

1967-ஆம் ஆண்டு அருஷா நகரில் வெளியிடப்பட்ட அறிக்கையின்வழி தான்சானியா சமதர்மப் பாதையைத் தேர்ந்தது. அதே ஆண்டில் தேசியச் சுவாகிலி மன்றமும் நிறுவப்பட்டது. தொடக்கக் கல்வி முழுவதும் சுவாகிலியில் நடைபெற்றது. எனினும் மேல்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழியாக நீடித்தது. இதனால் ஒரு பிளவு உண்டாயிற்று. மேல்நிலைக் கல்வியை எட்டியவர்க்கு ஆங்கிலம் மதிப்பின் அடையாளமாயிற்று. எட்டாதவர்க்குச் சுவாகிலி மட்டுமே கைம்முதலாக நின்றது. இப்பிளவை மனத்திற்கொண்டால்தான் பின்னர் நிகழ்ந்த மாற்றத்தின் பொருள் விளங்கும்.

கடல் கடந்து வந்த தாளம்

ஹிப் ஹாப் 1970-களில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் தோன்றியது. வறுமையும் புறக்கணிப்பும் சூழ்ந்த அப்பகுதியின் கறுப்பின இளைஞரும் இலத்தீன் அமெரிக்க வழிவந்த இளைஞரும் அதனை உருவாக்கினர். இசைத்தட்டுகளின் தாளப்பகுதியை மட்டும் மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்து, அத்தாளத்தின்மீது இயைபுடைய சொற்களை விரைந்து பொழிவதே ராப் என்னும் பாடுமுறை. அதற்கு விலையுயர்ந்த இசைக்கருவியோ நெடுங்காலப் பயிற்சியோ கட்டாயமன்று. சொல்வளமும் தாள உணர்வும் துணிவும் இருந்தால் போதும்.

அவ்வொலி தான்சானியாவை அடைந்த வழி எளிதாக இருக்கவில்லை. அங்கு வானொலி அரசின் தனியுரிமையாக இருந்தது. நாட்டுப்பற்றையும் உள்நாட்டு இசைக்குழுக்களையும் வளர்ப்பதே அதன் நோக்கமாக அமைந்தது. அயல்நாட்டு இசை இளைஞரைக் கெடுக்கும் என்ற எண்ணம் ஆட்சியாளரிடையே வலுவாக இருந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘சோல்’ இசைக்குக்கூட 1969-ஆம் ஆண்டு தார் எஸ் சலாம் பகுதியில் தடை விதிக்கப்பட்டது. தான்சானியாவின் நிலப்பகுதியில் 1994-ஆம் ஆண்டுவரை தொலைக்காட்சி ஒளிபரப்பும் இல்லை. ஆகவே 1980-களில் அமெரிக்கப் பாடல்கள் வெளிநாடு சென்று திரும்பிய உறவினர், நண்பர் வழியாக ஒலிநாடாக்களிலும் காணொளி நாடாக்களிலும் வந்தன. ஒரு நாடாவைப் பலர் படியெடுத்தனர். பாடலின் பொருள் புரியாதவரும் அதன் ஓசையை மனப்பாடம் செய்தனர்.

நாட்டின் நிலையும் அப்போது மாறிக்கொண்டிருந்தது. எண்ணெய் விலையேற்றமும், உகாண்டாவோடு 1978-79 ஆண்டுகளில் நிகழ்ந்த போரும் பொருளாதாரத்தைச் சிதைத்தன. நைரேரே 1985-ஆம் ஆண்டு பதவியிலிருந்து விலகினார். அடுத்து வந்த அலி ஹசன் முவின்யி இறக்குமதிக்கும் தனியார் தொழிலுக்கும் வாயில் திறந்தார். எல்லாவற்றுக்கும் இசைவு தருபவர் என்னும் பொருளில் மக்கள் அவரை ‘முசே ருக்சா’ என்று அழைத்தனர். 1986-ஆம் ஆண்டு பன்னாட்டு நிதியத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. கடைகளில் பொருள்கள் நிறைந்தன. அவற்றை வாங்கும் வருவாய் பலரிடம் இல்லை. வேலை தேடித் தார் எஸ் சலாம் நோக்கி வந்த இளைஞர் தெருவோர வணிகத்திலும் கூலி வேலையிலும் நாள்களைக் கழித்தனர். பிராங்க்ஸ் இளைஞரின் பாடல்களில் ஒலித்த வறுமையும் சினமும் அவர்களுக்கு அயலாகத் தோன்றவில்லை.

மேடையில் மாறிய மொழி

தொடக்கத்தில் தான்சானிய இளைஞர் ஆங்கிலத்திலேயே ராப் பாடினர். அமெரிக்கரைப் போன்ற உடை, அவர்களைப் போன்ற உச்சரிப்பு, அவர்களின் பாடல் வரிகள் ஆகியவற்றைப் பிழையின்றிப் போலச்செய்வதே திறமை எனக் கருதப்பட்டது. ஆங்கிலக் கல்வி வாய்த்த குடும்பத்துப் பிள்ளைகளே இதில் முன்னின்றனர். 1991-ஆம் ஆண்டு தார் எஸ் சலாமில் ‘யோ ராப் பொனான்சா’ என்னும் போட்டி நடைபெற்றது. போட்டியாளர் பலரும் ஆங்கிலத்தில் பாடினர். சாலே ஜே என்ற பெயரில் பாடிய இளைஞரோ, அமெரிக்காவில் அப்போது புகழ்பெற்றிருந்த பாடல் ஒன்றின் தாளத்துக்குச் சுவாகிலிச் சொற்களை அமைத்துப் பாடி வெற்றிபெற்றார். மெட்டு அயலாருடையது, சொற்கள் அவையோருக்கு உரியவை. அவர் பின்னர் ஒரு தொகுப்பாகவே சுவாகிலி ராப் பாடல்களை வெளியிட்டார்.

இவ்வெற்றி உடனே அனைவரையும் மாற்றிவிடவில்லை. 1993-ஆம் ஆண்டு மூன்று குழுக்கள் ஒன்றிணைந்து ‘குவான்சா யூனிட்’ என்னும் குழுவாயின. ‘குவான்சா’ என்பதற்கு ‘முதல்’ என்பது பொருள். அக்குழுவினர் முதலில் பெரும்பாலும் ஆங்கிலத்திலும், பின்னர் சுவாகிலியிலும் பாடினர். நாட்டின் தென்மேற்கிலுள்ள எம்பேயா நகரத்தைச் சேர்ந்த ஜோசப் உம்பிலின்யி, ‘மிஸ்டர் டூ’ என்றும் ‘சுகு’ என்றும் அறியப்பட்டவர். 1990-களின் நடுப்பகுதியில் அவர் சுவாகிலியில் வெளியிட்ட தொகுப்புகள், ஆங்கிலம் அறியாத இளைஞரையும் ஈர்த்தன. ஆங்கிலக் கல்வி பெற்றோரின் பொழுதுபோக்காக இருந்த ராப், இவ்வாறு தெருவோர வணிகரும் கூலித் தொழிலாளரும் பாடத்தக்க கலையாயிற்று. சுவாகிலி மட்டுமே கைம்முதலாக நின்றவர் என்று மேலே கண்டோமே, அவர்களே இக்கலையின் உரிமையாளராயினர்.

மொழியின் இயல்பும் தாளத்தின் தேவையும்

ஓர் இசைவடிவத்தை மற்றொரு மொழிக்குக் கொண்டுவருவது சொற்களை மாற்றுவதோடு முடிவதில்லை. ஆங்கிலத்தில் ஓரசைச் சொற்கள் மிகுதி. தாளம் விழும் இடத்தில் அழுத்தமான ஓரசைச் சொல்லை வைத்து ஆங்கில ராப் பாடகர் விரைவைப் பெறுகிறார். சுவாகிலியோ தமிழைப் போல ஒட்டுநிலை மொழி. ‘நினகுபெண்டா’ என்னும் ஒரே சொல்லைப் பாருங்கள். ‘நி’ என்பது நான். ‘ந’ என்பது நிகழ்காலம். ‘கு’ என்பது உன்னை. ‘பெண்டா’ என்பது நேசித்தல். ‘நான் உன்னை நேசிக்கிறேன்’ என்னும் தொடர் முழுவதும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. இத்தகைய நெடுஞ்சொற்களை ஆங்கிலத் தாளத்தில் அப்படியே பொருத்தினால் பாட்டு இடறும். எனவே பாடகர் தாளத்தின் ஓட்டத்தையே தம் மொழிக்கேற்ப மாற்ற வேண்டியதாயிற்று.

மொழியின் இயல்பு அவர்களுக்குத் துணையும் செய்தது. சுவாகிலிச் சொற்கள் பொதுவாக உயிரோசையில் முடியும். ஈற்றயல் அசையில் அழுத்தம் பெறும். ஆகவே இயைபு தேடி அலைய வேண்டியதில்லை. மேலும், பெயர்ச்சொல்லின் முன்னொட்டு அதனோடு தொடர்புடைய சொற்களிலும் வரும். ‘நல்ல இருவர் வந்துள்ளனர்’ என்பதைச் சுவாகிலியில் ‘வாத்து வாவிலி வாசுரி வாமெகுஜா’ என்பர். ‘மக்கள்’ என்னும் பொருளுடைய சொல்லின் ‘வா’ என்னும் முன்னொட்டு, எண்ணிலும் அடைமொழியிலும் வினையிலும் தொடர்ந்து ஒலிப்பதைக் காணலாம். பாடகர் முயலாமலேயே மோனை அமைந்துவிடுகிறது. இயைபும் மோனையும் இவ்வளவு எளிதாக வாய்க்கும் மொழியில் வெறும் ஓசையால் மட்டும் ஒருவர் புகழ்பெற இயலாது. இரட்டுறப் பேசும் திறன், கதை சொல்லும் ஆற்றல், கேட்போர் எதிர்பாராத சொல்லாட்சி ஆகியவற்றாலேயே சிறந்த பாடகர் வேறுபடுத்தி அறியப்பட்டனர்.

அவர்கள் பாடிய சுவாகிலி, பாடநூலின் செந்தரச் சுவாகிலி அன்று. பேருந்து நடத்துநரும் சந்தை வணிகரும் பேசிய தெருமொழி அது. சொற்கள் அங்கே புதுப்பொருள் பெற்றன. ‘உங்கோமா’ என்னும் சொல் முரசையும் ஆடலையும் குறிக்கும். 1990-களில் எய்ட்ஸ் நோய் பரவியபோது, வெளிப்படையாகச் சொல்லத் தயங்கிய மக்கள் அந்நோயைக் குறிக்கவும் அச்சொல்லையே ஆண்டனர். மகிழ்ச்சியின் ஓசையைக் குறித்த சொல் மரணத்தின் மறைபெயராயிற்று. ஒரு தலைமுறையின் துயரத்தை அகராதிக்கு முன்பே அத்தெருமொழி பதிவுசெய்தது.

தெரிந்து தெளிவோம்

உலகெங்கும் வழங்கும் ‘சஃபாரி’ என்னும் சொல் சுவாகிலியில் ‘பயணம்’ எனப் பொருள்படும். மரக்கட்டைகளை அடுக்கி ஆடும் ‘ஜெங்கா’ விளையாட்டின் பெயர், ‘கட்டு’ என்னும் பொருளுடைய சுவாகிலி வினையிலிருந்து வந்தது. இந்தியாவிலிருந்து சென்ற சொற்களும் சுவாகிலியில் உண்டு. இலட்சத்தைக் குறிக்கும் ‘லக்கி’, வண்டியைக் குறிக்கும் ‘காரி’, காப்பீட்டைக் குறிக்கும் ‘பீமா’, உணவாகிய ‘சப்பாத்தி’ ஆகியவை அவற்றுட் சில. 2021-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் ஜூலை 7-ஆம் நாளை உலகச் சுவாகிலி மொழி நாளாக அறிவித்தது.

பெயர் பெற்ற கதை

1993-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒலி, ஒளிபரப்புச் சட்டம் தனியார் வானொலிக்கு வழிவகுத்தது. 1994-ஆம் ஆண்டு ‘ரேடியோ ஒன்’ ஒலிபரப்பைத் தொடங்கியது. 1990-களின் இறுதியில் ‘கிளவுட்ஸ் எஃப்.எம்.’ நிலையம் இளைஞரைக் கருதியே நிகழ்ச்சிகளை அமைத்தது. அரசு வானொலியின் கதவு திறக்கக் காத்திருந்த இளைஞர்க்குப் புதிய கதவுகள் திறந்தன. அதே காலத்தில் கணிப்பொறியும் மின்விசைப் பலகையும் கொண்டு இசையமைக்கும் சிறு ஒலிப்பதிவுக் கூடங்கள் தார் எஸ் சலாமில் தோன்றின. மாஸ்டர் ஜே, பி-ஃபங்க் முதலிய இசையமைப்பாளர்கள் உள்நாட்டுப் பாடலுக்கேற்ற ஒலியமைப்பை உருவாக்கினர். கடற்கரையின் தாராப் இசை, நகரத்து நடன இசை, இந்தியத் திரையிசை ஆகியவற்றின் சாயல்களும் அதில் கலந்தன.

அவ்விசைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. சுவாகிலியில் ‘உபோங்கோ’ என்பது மூளை. பொருளாதாரம் நலிந்த நாள்களில் தார் எஸ் சலாமில் வாழ்க்கை நடத்த மூளையும் சாதுரியமும் வேண்டும் என்னும் பொருளில் மக்கள் அந்நகரத்தைப் ‘போங்கோ’ என்று குறிப்பிட்டனர். அப்பெயரோடு, சுவையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபாகிய ‘ஃபிளேவா’ இணைந்து ‘போங்கோ ஃபிளேவா’ ஆயிற்று. 1990-களின் நடுவில் வானொலி அறிவிப்பாளர் ஒருவர், அமெரிக்கப் பாடல்களிலிருந்து உள்நாட்டுப் பாடல்களை வேறுபடுத்திக் காட்ட இப்பெயரை வழங்கினார் என்பர். அரபு மொழியில் ‘அமைதியின் இல்லம்’ என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய நகரத்துக்கு, அதன் ஏழை மக்கள் சூட்டிய பட்டப்பெயரே இசையின் பெயராக நிலைத்தது.

நாடு செவிமடுத்த பாடல்கள்

இவ்விசைஞரை ஊரார் ‘வாஹுனி’ என்று இகழ்ந்தனர். வேலைவெட்டியின்றித் திரியும் போக்கிரிகள் என்பது அதன் பொருள். மகன் ராப் பாடகனானான் என்பதை வெளியில் சொல்லப் பெற்றோர் நாணினர். அப்பழியை நீக்கியதில் மொழிக்குப் பெரும்பங்கு உண்டு. ஆங்கிலத்தில் பாடியவரை முதியோர் அறியார்; எனவே உடையையும் நடையையும் மட்டும் கண்டு வெறுத்தனர். சுவாகிலியில் பாடியபோது பாட்டியும் சந்தை வணிகரும் அலுவலரும் ஒவ்வொரு சொல்லையும் புரிந்துகொண்டனர். புரியும் பாட்டுக்குப் பொறுப்பும் உண்டு. ‘உஜும்பே’, அதாவது ‘செய்தி’, இல்லாத பாடலை மக்கள் மதிக்கவில்லை. செய்யுளால் அறிவுரை கூறிய பழைய புலவர் மரபு இளைஞரிடமும் அதையே எதிர்பார்த்தது.

அவ்வெதிர்பார்ப்பை நிறைவேற்றியவருள் ஜோசப் ஹாவுலே குறிப்பிடத்தக்கவர். ‘புரொபசர் ஜே’ என்பது அவருடைய மேடைப்பெயர். 2000-ஆம் ஆண்டளவில் அவர் தம் குழுவோடு பாடிய ‘செம்ஷா போங்கோ’ பெரும்புகழ் பெற்றது. ‘மூளையைக் கொதிக்க வை’, அதாவது ‘ஆழ்ந்து சிந்தி’ என்பது அத்தலைப்பின் பொருள். 2001-ஆம் ஆண்டு வெளிவந்த ‘ந்தியோ முசே’ என்னும் பாடலின் தலைப்புக்கு ‘ஆம், ஐயா’ என்பது பொருள். தேர்தல் மேடையில் அரசியல்வாதி ஒருவர் நடக்கவே முடியாத வாக்குறுதிகளை அடுக்குகிறார். கூடியிருப்போர் ஒவ்வொன்றுக்கும் ‘ஆம், ஐயா’ என்கின்றனர். யாரையும் வசைபாடாமல், ஏமாற்றுவோரையும் ஏமாறுவோரையும் ஒருசேர நகைக்க வைத்தது அப்பாடல். அதனைக் கேட்டோர் மேடைப்பேச்சைக் கேட்கும் முறையே மாறியது.

‘முவானா எஃப்.ஏ.’ எனப்படும் ஹமிஸ் முவின்ஜுமாவும் லேடி ஜேடீயும் பாடிய பாடல் ஒன்று, ‘உங்கோமா’ என்னும் சொல்லின் இருபொருளைத் தலைப்பிலேயே தாங்கி எய்ட்ஸ் நோயால் நேரும் இறப்பைப் பாடியது. வீட்டில் பேசத் தயங்கிய செய்தி வானொலியில் ஒலித்தது. டாங்கா நகரத்து இருவர் அரசு மருத்துவமனைகளில் தாய்மார் நடத்தப்படும் முறையைக் குறைகூறிப் பாடினர். அருஷா நகரத்து ‘எக்ஸ் பிளாஸ்டாஸ்’ குழுவினர், மாசாய் இனப் பாடகர் ஒருவரின் மரபிசைக் குரலோடு ராப் பாடலை இணைத்தனர். 2004-ஆம் ஆண்டு வெளிவந்த அவர்களின் தொகுப்பு பிற நாடுகளிலும் கேட்கப்பட்டது. பெண்கள் இரட்டைப் பழியைச் சுமக்க நேர்ந்தது. பாடகர் என்பதால் ஒரு பழி. இரவில் மேடையேறும் பெண் என்பதால் மற்றொன்று. லேடி ஜேடீ, ஜே பி, சிஸ்டா பி முதலியோர் அதனைத் தாங்கி நின்றே தமக்கென இடம் தேடிக்கொண்டனர்.

புகழ் பெருகியபோதும் பாடகரின் வறுமை எளிதில் நீங்கவில்லை. ஒலிநாடாவின் மூலப்படியை விற்பனையாளரிடம் கொடுத்து ஒருமுறை பணம் பெறுவதோடு பலருக்கு வருவாய் முடிந்தது. திருட்டுப் படிகளும் பெருகின. 1999-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும், நாடெங்கும் ஒலித்த பாடலைப் பாடியவர் கூட்டம் நெருக்கும் ‘தாலாதாலா’ சிற்றுந்தில் நின்றுகொண்டு பயணம் செய்வது அரிய காட்சியாக இருக்கவில்லை.

நைரோபி தேர்ந்த வழி

அண்டை நாடாகிய கென்யாவிலும் ராப் இசை வேரூன்றியது. ஆனால் அங்கே மொழியின் நிலை வேறு. கென்யாவின் பள்ளிகளில் ஆங்கிலமே மேலோங்கி நின்றது. வீட்டில் கிக்குயூ, லுவோ முதலிய தாய்மொழிகள் வழங்கின. தலைநகர் நைரோபியின் இளைஞர் சுவாகிலி இலக்கணத்தின்மீது ஆங்கிலச் சொற்களையும் தம் தாய்மொழிச் சொற்களையும் பெய்து ‘ஷெங்’ என்னும் கலவைமொழியை உருவாக்கினர். 1990-களின் இறுதியில் ‘கலமஷாக்கா’ குழுவினர் வறியோர் வாழும் தண்டோரா பகுதியின் வாழ்வை இம்மொழிநடையில் பாடினர். அவர்களின் புகழ்பெற்ற பாடலின் தலைப்பே ‘இதை மொழிபெயர்’ என்பதாகும். பின்னர் அந்நகரில் ‘கெங்கே’ என்னும் இசைவகையும் எழுந்தது. ஒரே இசை, ஒரே அடிப்படை மொழி. ஆயினும் இரு நகரங்களின் பாட்டு வேறுவேறாக ஒலிக்கிறது. ஒவ்வொரு சமூகமும் தன் மொழிக்குத் தந்த இடமே அவ்வேறுபாட்டுக்கு முதன்மையான காரணம் எனலாம்.

எஞ்சி நிற்கும் வினா

இகழப்பட்ட இளைஞர் பின்னாளில் எங்கெங்கு அமர்ந்தனர் என்பதை வரலாறு பதிவுசெய்துள்ளது. சுகு 2010-ஆம் ஆண்டு எம்பேயா நகரத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏமாற்றும் அரசியல்வாதியைப் பாடிய புரொபசர் ஜே, 2015-ஆம் ஆண்டு மிக்குமித் தொகுதியில் வெற்றிபெற்று, தாமே வாக்குறுதி அளிக்கும் நிலைக்கு வந்தார். 2020-ஆம் ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினரான ஹமிஸ் முவின்ஜுமா, 2023-ஆம் ஆண்டு கலைகளுக்கும் பொறுப்பான அமைச்சகத்தின் துணை அமைச்சரானார். ஒருகாலத்தில் போக்கிரித்தனம் எனப்பட்ட கலையிலிருந்து வந்தவர், அக்கலையைப் பேணும் பொறுப்பை ஏற்றார்.

இசையும் மாறியது. 2000-களின் பிற்பகுதியிலிருந்து காதற்பாடல்களும் ஆடலுக்குரிய மெட்டுகளும் முதலிடம் பெற்றன. டயமண்ட் பிளாட்னம்ஸ் முதலிய பாடகர் ஆப்பிரிக்கா முழுவதும் புகழ்பெற்று, சுவாகிலியை அம்மொழி வழங்காத நாடுகளுக்கும் கொண்டுசென்றனர். ‘செய்தி’ குறைந்துவிட்டது என்று வருந்திய ராப் பாடகர் சிலர், தம்மைப் போங்கோ ஃபிளேவாவினர் என்று அழைப்பதையே மறுத்தனர். மொழி பரந்தால் போதுமா, அம்மொழி மக்களின் துயரையும் தொடர்ந்து பேச வேண்டாவா என்பது அவர்களின் வினா. அவ்வினாவுக்குத் தான்சானியாவில் இன்றும் பாட்டாலேயே மறுமொழிகள் எழுகின்றன.

தாளம் கடன் பெறத்தக்கது. அத்தாளத்தில் தம் ஊரின் பசியையும் சிரிப்பையும் சொல்வதற்கு உரிய மொழியை அவ்விளைஞர் வெளியே தேடவில்லை. வீட்டிலும் தெருவிலும் பேசிய மொழியையே மேடைக்குக் கொண்டுவந்தனர். அதனால் பாட்டி காதுகொடுத்தாள்; ஊர் காதுகொடுத்தது; பின்னர் அரசும் காதுகொடுத்தது.

கற்பவை கற்றபின்

1. ஆங்கிலத்தில் பாடியபோது கிடைக்காத மதிப்பு, சுவாகிலியில் பாடியபோது இளைஞர்க்குக் கிடைத்தமைக்குரிய காரணங்களைத் தொகுத்து எழுதுக.

2. ‘வாத்து வாவிலி வாசுரி வாமெகுஜா’ என்னும் தொடரில் முன்னொட்டு அமையும் முறையை, ‘நல்ல இருவர் வந்துள்ளனர்’ என்னும் தமிழ்த் தொடரின் அமைப்போடு ஒப்பிட்டு வகுப்பறையில் விளக்குக.

3. உங்கள் ஊரில் இளைஞர் பேச்சில் மட்டும் வழங்கும் சொற்கள் பத்தினைத் திரட்டி, அவை எவ்வாறு புதுப்பொருள் பெற்றன என்பதைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.

4. ‘கலைக்குச் செய்தி கட்டாயமா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.